அவிழாத பச்சை நூல்

நீங்கள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பிரித்துப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது பொய். எங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய மதுரையிலிருந்து வந்த எஞ்சினியரே, உங்களைத்தான் சொல்கிறேன். அந்தப் பொட்டலம் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. ஒரு சாணுக்கும் குறைவான நீளம், பழுப்புக் காகிதம், சுற்றிலும் பச்சை நைலான் நூல். நூலின் நுனியைத் தீக்குச்சியால் உருக்கி ஒட்டியதில் மிளகளவுக்கு ஒரு கட்டி. அந்த முடிச்சைப் போட்டவர் எங்கள் தலைவியக்கா. அது அவிழாது. அறுத்தால்தான் உண்டு.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இது யாருக்கும் புரியாது. மண்டபத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அக்கா அதன் தலைவி. நான் பரமக்குடிப் பக்கத்துக்காரி, நீச்சல் தெரியாதவள். சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலைக்காகத் தினமும் பஸ்ஸில் வந்து போனேன். முதல் நாள் அக்கா கடலிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தார். விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாறை அறுக்காமல் இருக்கத்தான் அந்தத் துணி. அப்படியும் அறுத்திருந்தது. "நீதான் கம்பீட்டர் புள்ளையா? தண்ணியக் கண்டா பயமாமுல்ல. பரவால்லத்தா, எனக்கு அந்தப் பொட்டியக் கண்டா பயம். சரியாப் போச்சு" என்றார். அவர் சிரித்தால் ஆபீசே சிரிக்கும்.

அந்தப் பெட்டி ஒரு பழைய ஒர்க் ஸ்டேஷன். ஓர் ஆராய்ச்சிக்கூடம் கழித்துக் கட்டியபோது எங்களுக்குக் கொடுத்தது. வீட்டுக் கம்ப்யூட்டரைவிட இரண்டு மடங்கு கனம், ஆனால் உறுதியானது. அதில்தான் நாங்கள் வரைபடம் போட்டோம். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கக் கூடாது என்று தடை வந்திருந்தது. எந்தெந்த இடத்தில் எடுக்கிறீர்கள், அவை தடை எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டுங்கள், காட்டினால் அனுமதி தருவதைப் பற்றிப் பேசலாம் என்று அதிகாரிகள் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்களின் பிழைப்பு அந்த ஒரு தாளில் இருந்தது.

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் அந்தப் பெண்கள் பெயர் வைத்திருந்தார்கள். கிழவிப்பார், சோத்துப்பார், ரெட்டைப்பார். எந்தக் காகிதத்திலும் இல்லாத பெயர்கள். அக்கா வள்ளத்தில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப் போனார். நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அக்கா கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மாதா கோயில் கோபுரமும் ஐஸ் கம்பெனித் தண்ணித் தொட்டியும் ஒன்னுக்குப் பின்னால ஒன்னு வருதா? இங்கனதான் சோத்துப்பாரு. குறிச்சுக்க" என்றார். குறித்தேன். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு குதித்தார். அவர் மேலே வரும்வரை நான் மூச்சு விடவில்லை. வந்தவர் கையில் ஒரு கொத்துப் பாசி. "பொய்யின்னா கோடு போடாத. பாத்துட்டுப் போடு" என்றார். ஒவ்வொரு பாரிலும் அப்படியே. சொன்னதோடு விட்டதில்லை, குதித்துக் காட்டினார்.

வரைபடம் முடிந்தது. ஆனால் அதைப் பெரிய தாளுக்கு மாற்றக் கொடுத்தால் பாதியில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். செயற்கைக்கோள் படங்களின் கனம் தாங்க அதற்கு மெமரி போதவில்லை. பிராசஸரும் பழையது. சிறிய தாளில் எடுத்தால் பார்களின் பெயர்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. இரண்டையும் மாற்றிவிடலாம் என்று சங்கம் முடிவு செய்தது. உங்கள் கடைக்குப் போன் போட்டேன். நீங்கள் மாடல் பெயரை மட்டும் கேட்டீர்கள். சொன்னேன். "அந்த மாடலுக்கு எல்லாம் சேரும்" என்றீர்கள்.

எல்லாம் சேராது என்று எனக்குத் தெரியும். தயாரிப்பாளரின் கையேட்டை உட்கார்ந்து படித்திருந்தேன். அந்த மாடலில் முதலில் வந்த மதர்போர்டுகள் அடுத்த பதிப்பு பிராசஸரை ஏற்காது. பிராசஸர் குழியில் சரியாக உட்காரும், ஆனால் மெஷின் எழுந்திருக்காது. மென்பொருளைப் புதுப்பித்தும் பயனில்லை. எங்களுடையது முதலில் வந்த போர்டு. மெமரியும் அப்படித்தான். பழைய மெமரியின் எண் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தது. யூ என்று முடிவது வேறு வகை. இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே இடத்தில் வெட்டு. ஆனால் ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் ஓடாது. இதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். உங்களிடமிருந்து பதில் இல்லை.

அக்கா கேட்டார்: "போட்டு எஞ்சின்ல சாமான் போச்சுன்னா என்ன செய்வோம்? பேரச் சொல்லியா வாங்குவோம்? பழசக் கையில கொண்டுபோயிக் கடைக்காரன் மூஞ்சிக்கு நேரா நீட்டுவோம். நீயும் குடுத்துவிடு." எங்கள் கரையில் அதுதான் வழக்கம். தேய்ந்த பல்சக்கரத்தைத் துணியில் சுற்றி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார்கள், மறுநாள் அதே அளவில் புதியது வரும். நான்கு மெமரியில் ஒன்றைக் கழற்றினேன். போர்டின் எண், வருடம், பிராசஸரின் எண், எது சேரும், எது சேராது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை மெமரியின் மேல் சுற்றினேன். அக்கா காகிதம் சுற்றி நூல் கட்டினார். முக்குளிக்கும் கண்ணாடியின் வாரைக் கட்டுகிற அதே முடிச்சு. நுனியைப் பல்லால் கடித்து உள்ளே செருகித் தீக்குச்சியால் உருக்கினார். "கடலுக்குள்ளயே அவுராது. பஸ்ஸுலயா அவுரப் போவுது?" என்றார். அன்றே மதுரை பஸ் கண்டக்டரிடம் உங்கள் கடைக்குக் கொடுத்துவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "இந்தாங்க உங்க சாம்பிள். எல்லாம் பாத்துட்டேன்" என்றீர்கள். வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். கையில் இருந்ததை நான் பார்க்கவில்லை. என் தப்பு அது, மறைக்கவில்லை. அக்கா மட்டும் உங்களிடம், "தம்பி, ஒன்னுக்கொன்னு சேருமான்னு பாத்துட்டியள்ல?" என்று கேட்டார். "அக்கா, இது போட்டு எஞ்சின் இல்ல" என்று சிரித்தீர்கள்.

கொண்டுவந்த புதிய பிராசஸரையும் மெமரியையும் மாட்டி மெஷினைப் போட்டீர்கள். காற்றாடி சுற்றியது. சிவப்பு விளக்கு மின்னியது. கீச் கீச் என்று சத்தம் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. மெமரியை மாற்றி மாற்றிச் செருகினீர்கள். உங்கள் கழுத்தில் வியர்வை வழிந்தது. பழைய பிராசஸரைத் திரும்ப வைக்கும்போது கை நழுவியது. குழிக்குள் முடி மாதிரி நிற்கும் ஊசிகளில் ஒரு வரிசை படுத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு சத்தம்கூட வரவில்லை. "கடக்காத்துக்கா. உள்ள பூரா துரு" என்று சொல்லிப் பையை மூடினீர்கள். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள்: சாம்பிளைப் பிரித்துப் பார்த்துப் பொருத்தம் சரிபார்க்கப்பட்டது, கடற்காற்றில் போர்டு துருப்பிடித்ததே பழுதுக்குக் காரணம்.

ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வரைபடத்தைத் திறக்கும் மென்பொருளின் உரிமம் அந்த ஒரு மெஷினுக்கு மட்டுமே. வேறு மெஷினுக்கு மாற்ற எழுதிக் கேட்டோம், பல நாள் ஆகும் என்றார்கள். எறும்பு எழுத்துச் சிறிய தாளோடு ராமநாதபுரம் போனோம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "இதில் எது எல்லை, எது உங்கள் இடம்?" என்றார். அக்கா எழுந்தார். மேசைமேல் தண்ணீர் டம்ளரைக் கோபுரமாக வைத்தார், பேனாவைத் தொட்டியாக வைத்தார். "இந்தா, இது ரெண்டும் ஒன்னா வந்தா சோத்துப்பாரு. வாங்கய்யா, நான் குதிச்சுக் காட்டுறேன்" என்றார். அறையில் யாரோ சிரித்தார்கள். போதிய ஆதாரம் சமர்ப்பிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். திரும்பும் பஸ்ஸில் அக்கா கையில் சுற்றும் துணியைப் பிரிப்பதும் சுற்றுவதுமாகவே வந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எல்லாம் பார்த்துவிட்டேன் என்ற உங்கள் சொல்லை நம்பினேன்; ஊசிகள் படுக்கும் முன்பே மெஷின் எழவில்லையே. துருவை யார் என்ன செய்ய முடியும்? அனுமதி கிடைக்காமல் சங்கத்தின் வேலை நின்று, ஆபீசைக் காலி செய்யும் நாளில் அக்கா இழுப்பறையைத் திறந்தார். பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, இத யாரு தொறந்தது?"

"அவருதான்க்கா. பாத்துட்டேன்னு சொன்னாரே."

"எங்கன பாத்தாரு? மோந்து பாத்தாரா?"

கொடுத்ததை வாங்கிப் பார்த்தேன். உருக்கிய கட்டி அப்படியே இருந்தது. அதில் அக்காவின் பல் பதிந்த தடம்கூட அழியவில்லை. இத்தனை பெண்களின் பிழைப்பு ஒரு நூலை அறுக்கும் நேரத்தில் தப்பியிருக்கும். அந்த நேரத்தைக்கூட நீங்கள் தரவில்லை. தராததைத் தந்ததாக எழுதிவிட்டு எங்கள் காற்றின் மேல் பழி போட்டீர்கள்.

அக்கா இப்போது எறால் உரிக்கும் கூடத்தில் நிற்கிறார். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. போன வாரம் பார்க்கப் போனேன். விரல்களில் துணி இல்லை, தோல் வெளுத்து ஊறியிருந்தது. "இதுவும் தண்ணிதான்த்தா. முங்க மட்டுந்தான் முடியல" என்றார். எப்போதும்போலச் சிரிக்கத்தான் பார்த்தார். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் கடைக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். எனக்கு மெஷின் வேண்டாம், மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். பொட்டலம் என் மேசைமேல் இருக்கிறது. நான் அதை அறுக்கவில்லை, அறுக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கப் பெண்கள் மாதா கோயில் வாசலில் கூடுகிறார்கள். வாருங்கள். அவர்கள் முன்னால் அக்காவின் முடிச்சை உங்கள் கையால் அறுங்கள். உள்ளே இருக்கும் தாளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். வாசித்து முடித்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஒன்றுக்கொன்று சேருமா என்று பார்த்தீர்களா, இல்லையா?