பக்கத்து இருக்கை

ஒரு நாளாவது வண்டியைக் கிளப்பாமல் ஏரிக்கரையில் சும்மா உட்கார வேண்டும் என்று நான் கேட்டு மூன்று மாதமாகிறது. நேற்றுதான் அது வாய்த்தது. வாய்த்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். அதில் பத்தொன்பது வருஷம் அதே பஸ்ஸில் நான் கண்டக்டர். டிப்போவில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். ஒரு நிமிஷம் முந்த மாட்டார், பிந்த மாட்டார். இருவரும் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கினார். "இனிமே நாம பாட்டுக்கு ஊர் சுத்தலாம்" என்றார். சுற்றுகிறோம். கட்டிலை மடித்தால்தான் மேஜையை விரிக்க முடியும், மேஜையை மடித்தால்தான் அடுப்பிடம் போக முடியும். மடித்தும் விரித்தும் என் இடுப்பு விட்டுப்போயிற்று.

இதில் என் வாய்க்கும் ஓய்வு கிடையாது. எங்கே நிறுத்தினாலும் முதலில் இறங்கி அந்த இடத்தை நடந்து அளந்துவிட்டு வருவார். பிறகு நான் பின்னால் நின்று "வரலாம், வரலாம், கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க, போதும்" என்று கத்த வேண்டும். ஓடும்போதும் அப்படித்தான். எதிரில் லாரி, ஓரத்தில் சைக்கிள் என்று சொல்லிக்கொண்டே வருவேன். பழைய தொழில் புத்தி இருவரையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

நேற்றுக் காலை ஏரிக்கரையில் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. வேனுக்கு வெளியே இரண்டு மடக்கு நாற்காலி போட்டேன். ஏரியில் யாரோ மிதிபடகில் வட்டமடித்தார்கள். பக்கத்து வேன்காரி தன் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இவர் தூண்டிலைப் போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"தக்கை ஆடுனா சொல்லு."

"உங்க கண்ணு எங்க போச்சு?"

"யாரு பாத்தா என்ன, ஒண்ணுதானே."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. அவர் தொப்பி எடுக்க வேனுக்குள் போயிருந்தார். நாற்காலிகளை நாலடி தள்ளி மர நிழலில் இழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவர் படியிறங்கினார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். எட்டு அடி எடுத்து வைத்தார், திரும்பினார், நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தார். தொப்பென்று விழுந்தார்.

பக்கத்து வேன்காரி சிரித்தாள். "அண்ணே, நல்லாத்தான் வேடிக்கை காட்டுறீங்க" என்றாள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் அவர் கை தரையில் நாற்காலியைத் தடவித் தேடுவதைப் பார்த்தேன். நீல நாற்காலி, பட்டப்பகலில், நாலடி தள்ளி இருக்கிறது.

தூக்கி உட்கார வைத்து மண்ணைத் தட்டிவிட்டேன். "எத்தன நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். வலது கண்ணு போயிடுச்சு. இடதுல வெயில்னா வெறும் வெள்ளையா இருக்கு, மத்த நேரம் மங்கலா தெரியும்."

"டாக்டர்கிட்ட போனா என்ன?"

"ஓட்டக் கூடாதுன்னுடுவாரு."

"முந்தா நாளு அந்த மலை ரோட்டுல எப்பிடிங்க வந்தீங்க?"

"அது நம்ம ரூட்டு. ஒவ்வொரு வளைவும் உடம்புக்கே தெரியும்." என்றார். "மிச்சத்துக்குத்தான் நீ இருக்கியே."

ஒரு வருஷமாக இந்த மனிதருக்கு நான் கண்ணாக இருந்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நான் தூங்கி வழிந்த நாட்களை நினைத்துப் பார்த்தேன். கோபத்தில் அழுகை வந்தது.

"நாளைக்கு அந்தக் கணவாய் வழியா போகணும்னு சொன்னீங்களே, அது எந்த ரூட்டு? சாவியக் குடுங்க."

சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டார். "இன்னைக்கு ஓட்டுற நாள் இல்ல. பேசாம உக்காரு."

உட்கார்ந்தோம். நான் கேட்ட ஓய்வு இதுதான். ஒரு சமயம் தக்கை நன்றாகவே முழுகியது. நான் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குத் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் முகத்தை வைத்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் கடைசியில் "வந்துட்டுப் போயிடுச்சு" என்றேன். "தெரியும், கையில இழுத்துச்சு" என்றார். அவர் இழுக்கவும் இல்லை.

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்த சின்னக் காரை நான்தான் ஓட்டினேன். ஆனால் இந்த வேனை ஒரு தடவைகூட என்னிடம் கொடுத்ததில்லை. வண்டியை விட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

இன்று காலை நான் எழுந்தபோது அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், எப்போதும்போல. கணவாய்க்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்தேன். மேஜையை மடித்துவிட்டு முன்னால் போனேன். சாவி வண்டியில் செருகியிருந்தது. டிரைவர் சீட் காலியாக இருந்தது. அவர் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. அவர் குனிந்து என் சீட்டுக்கடியில் கைவிட்டு ஒரு கம்பியை இழுத்து, சீட்டை முன்னால் தள்ளிவிட்டார். அதற்குக் கண் தேவைப்படவில்லை.

"எங்க போறோம்?" என்றார்.

"கண் டாக்டர்கிட்ட."

கதவை ஒருமுறை தட்டினார். "போலாம் ரைட்" என்றார்.

பத்தொன்பது வருஷம் நான் அவருக்குச் சொன்ன வார்த்தை அது. பின்னால் ஏதாவது வருகிறதா என்று கண்ணாடியில் நானே பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.