சண்முகத்தாய் அத்தையின் துணிக்கொடி

வானத்தில் மின்னுவதில் பாதி எங்கள் சண்முகத்தாய் அத்தை மாட்டிவைத்தது. மீதிப் பாதி, அவர் கையெழுத்துப் போடாததால் மங்கலாக எரிகிறது. நாரணாபுரத்தில் இதை நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அது அத்தை.

அவர் சொல்லும் கதை சின்னது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, இடி விழுந்து ஒரு பட்டாசு அறை எரிந்ததைப் பார்த்தார். மேகம் திரள்வது முன்னாலேயே தெரிந்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் ஓடியிருப்பார்களே என்று மனசில் விழுந்துவிட்டது. படித்து பெங்களூர் போனார். நம் நாட்டுக்குச் செயற்கைக்கோள் என்பதே புதிதாக இருந்த காலம். தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, மேகத்தைப் படமெடுக்கும் கேமராவைச் செய்த முதல் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்து, ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு எதிரே வீடு கட்டினார். மேலேயிருந்து வருகிற படம் கீழே இருப்பவன் காதில் ஏற வேண்டும், அதுதான் மிச்ச வேலை என்றார்.

அந்த மிச்ச வேலைதான் நடக்கவில்லை. இடிமழைக்கு அறுபது சதவீதம் வாய்ப்பு என்று கம்பெனி போர்மேன் தங்கப்பாண்டியனிடம் சொல்வார். அந்த அறுபது கிழக்கே வருமா மேற்கே வருமா, சரவெடியை எந்தப் பக்கம் காயப்போட என்று அவர் கேட்பார். செல்போனில் மேகப் படத்தைக் காட்டினால், ஸ்கேன் படமாக்கா, வீட்டில் யாருக்கு விசேஷம் என்பார்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் தங்கப்பாண்டியன் காதில் ஒரு ரகசியம் போட்டான். அந்தம்மா வாயால் சொல்வதெல்லாம் சும்மா. உண்மை அவர் மொட்டைமாடிக் கொடியில் இருக்கிறது. சேலை தொங்கினால் மழை இல்லை. அன்றிலிருந்து போர்மேன் கொடியைப் பார்த்துத்தான் பட்டாசைக் காயப்போட்டார். அத்தைக்கு மட்டும் இது தெரியாது.

தீபாவளி சீசன். போன வாரம் ஒரு மத்தியானம், மேற்கே மலைப்பக்கம் மேகம் பொங்குவதைப் படத்தில் பார்த்த அத்தை, செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினார். எல்லாரையும் வெளியே அனுப்பச் சொன்னார். தங்கப்பாண்டியன் நிமிர்ந்து எதிர்மாடியைப் பார்த்தார். மூன்று சேலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

“நீங்க ஒண்ணு சொல்லுறீக, உங்க கொடி ஒண்ணு சொல்லுது. நான் கொடியத்தான் நம்புவேன்க்கா. சாயங்காலம் லோடு போகணும்.”

அத்தைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கேட்டார்: “ஆயுசு பூரா மேகத்தப் பாத்திருக்கேன். நீ என் சேலையப் பாத்துகிட்டா இருந்த?”

அத்தையின் முதுகுக்குப் பின்னால் மாடியில் ஒரு சேலை மறைந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதும் போனதும் தங்கப்பாண்டியன் முகம் மாறி விசிலை ஊதினார். திரி சொருகிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சாலைக்கு ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த பிறகு, கம்பெனிக்குப் பின்னால் நின்ற பனையின் தலையில் இடி இறங்கியது.

கொட்டுகிற மழையில் எல்லாரும் காலிக் கொடியைக் கும்பிட்டார்கள். அத்தையிடம் படத்தை ஒருவரும் கேட்கவில்லை. அவர் நனைந்த தலையோடு மாடியேறி, நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“நான் கேட்டுல நிக்கேன். சேலைய எவன்லே எடுத்தது?”

மழை வருகிறதே என்று ஒரு உதவிதான் அத்தை என்றேன். மூன்றும் என் மடியில் சுருண்டு கிடந்தன.

“கொடியப் பத்தி தங்கப்பாண்டிட்ட ஓதுனதும் நீதான?”

எந்தக் கொடி என்று கேட்டுப் பார்த்தேன்.

“உங்கம்மா கம்பெனிய விட்டு வெளிய வந்துட்டாளான்னு மாடிச் சுவரேறி எட்டிப் பாத்தியே, அங்கனதாம்லே மாட்டுன. சேலைய ஒழுங்கா மடி.”