பூந்திக்கு அளவெடுத்த சனிக்கிழமை

ஒரு குதிரையின் எடையைக் கணிப்பதற்காக நான் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று அலைந்தது 1996-இல், ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில். மயிலாப்பூர்த் தோழி ஸ்டெல்லா போனில் அழுதாள். அவள் வளர்க்கும் பூந்தி, முழுதாக வளர்ந்தும் என் இடுப்பைத் தாண்டாத குட்டை ஜாதிக் குதிரை. இரண்டு நாளாகப் புல்லைத் தொடவில்லை. வயிற்றில் பூச்சி என்றார் அடையாறு கால்நடை டாக்டர். மெலிந்த உடம்பு, மருந்து கூடினால் தாங்காது, எடை தெரியாமல் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். மார்புச் சுற்றளவும் உடல் நீளமும் அளந்து வந்தால் போதுமாம்.

"எதிர்வீட்டு அங்கிள் நூறு கிலோ இருக்கும்ன்றார்டி. நம்பலாமா?" என்றாள்.

எனக்குக் குதிரை என்றாலே உதறல். எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த டெய்லர் மணி அண்ணனை இழுத்துக்கொண்டு 2.40-க்கு ஆட்டோ ஏறினேன். ஐந்து கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். மீட்டர் போட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பூந்தி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மணி அண்ணன் டேப்பைச் சுற்றியபடி, பழக்கதோஷத்தில், "கைய தூக்கு நைனா" என்றார். அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லாவே சிரித்துவிட்டாள். பில் புத்தகத்தில் அளவு எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அவரை அவளுக்குத் துணையாக விட்டுவிட்டு, ராஜா அண்ணாமலைபுரம் வழியாக பஸ்ஸில் அடையாறு போனேன். நான்கு கிலோமீட்டர், இருபது நிமிடம்.

டாக்டரின் கணக்கு எளிது. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, முன்னூறால் வகுத்தால் பவுண்டில் எடை. சுற்றளவு 38 இஞ்ச், நீளம் 36. கிலோவாக மாற்றினால் எழுபத்தெட்டரை வந்தது. அவர் மருந்தை ஊற்றப் போனபோதுதான் சீட்டின் அடியில் பார்த்தேன்: "டெலிவரி வெள்ளி." துணி தைக்க எழுதுவது போலவே எழுதியிருக்கிறார். மணி அண்ணன் எந்த அளவையும் இரண்டு இஞ்ச் கூட்டித்தான் எழுதுவார். என் ஜாக்கெட்டெல்லாம் தொளதொள.

"டாக்டர், ஊத்தாதீங்க!" என்று கத்திவிட்டு, அங்கிருந்தே ஸ்டெல்லா வீட்டுக்குப் போன் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஆமா, லூஸ் வுட்டுத்தான் எழுதிக்கீறேன். டைட்டா இருந்தா மூச்சு முட்டாது? இப்போ இன்னான்ற?"

இரண்டிலும் இரண்டு இஞ்ச் குறைத்து மறுபடி போட்டால் அறுபத்தாறரை கிலோ. "பன்னிரண்டு கிலோவா லூஸ் விட்டார்?" என்று டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு மணிக்கெல்லாம் மருந்து பூந்தியின் வாய்க்குள் போய்விட்டது.

அளவெடுக்கப் போகிறவர்கள் கவனிக்க: டேப் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். நீளம், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை. இரண்டு முறை அளந்து பாருங்கள். டெய்லர் அளந்தால் மூன்று முறை.

மறுநாள் காலை 6.20-க்குப் போன் அடித்தது. எடுத்தால் ஸ்டெல்லாவின் குரலைக் காணோம். ரிசீவரைக் கொல்லைப்புற ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள். மொறுக் மொறுக்கென்று புல் மெல்லும் சத்தம். இருவரும் வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.