பெட்டிப் பலகையில் என் பெயர்

நான் வரையாத படத்தை நான் வரைந்ததாக ஒருமுறை சொன்னேன். சொன்னது தோட்டத்துத் துரையிடம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தேன். ஸ்டோர் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

அந்த நாட்களில் தேயிலை மரப்பெட்டிகளில் கொழும்புக்குப் போகும். பெட்டியின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து, தோட்டத்தின் பெயரைக் கறுப்பு மையால் அச்சடிக்க ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை ஓய்ந்த பிறகு, உடைந்த பெட்டி மூடிகளில், மிஞ்சிய மையைத் தொட்டு மனிதர்களை வரைவார். கொழுந்து நிறுக்க நிற்கும் வரிசை, பனிக்குள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள். அதில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். ஆபீஸ் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன்.

துரை அதைப் பார்த்துவிட்டு யார் வரைந்தது என்று கேட்டார். பலகையும் மையும் தோட்டத்துச் சொத்து. ஸ்டோர் ஆணி ஒன்று மடியில் இருந்தாலே தொழிலாளியின் வேலை போய்விடும். கிளாக்கர் செய்தால் அது பொழுதுபோக்கு. அதனால் "நான்தான்" என்றேன். அவரைக் காப்பாற்றச் சொன்னேன் என்பது அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் உண்மை. துரை என்னைப் பாராட்டினார், படத்தைப் பங்களாவுக்குக் கொண்டுபோனார், இன்னும் வேண்டும் என்றார். திருத்திச் சொல்ல எனக்கு எத்தனையோ நாட்கள் இருந்தன. நானோ இன்னும் படம் கேட்டு அச்சடிப்பவரிடம் போனேன்.

"படம் ஐயா பேருல போவுதுன்னு ஸ்டோர்ல பேசிக்கிறாங்க," என்றார் அவர், தகட்டைத் துடைத்தபடி.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"சரிங்க," என்றார். அவ்வளவுதான். வரைந்து தந்தார். பலகைகளின் மூலையில் என் பெயரை நானே எழுதினேன். இரண்டு வருடத்தில் தலைமைக் கிளாக்கர் ஆனேன்.

சென்ற வருடம் என் மருமகள் கைப்பேசியை நீட்டினாள். "மாமா, பெரகலவுக்குக் கீழ ஒரு பழைய பங்களாவ மியூசியமாக்கியிருக்காங்க. இதுல உங்க பேரு இருக்கு. படமெல்லாம் வரைவீங்களா? கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னப்ப மட்டும் இடுப்பு வலின்னு படுத்துக்கிட்டீங்க." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதுளையிலிருந்து தனியாகப் பஸ் ஏறினேன். இறங்கியபோது ரோட்டில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பங்களாவின் ஜன்னல்கள் திறந்திருந்தன. பனி அறைக்குள் வந்து, சுவரோரமாக நகர்ந்து, அடுத்த ஜன்னலால் வெளியேறிக்கொண்டிருந்தது. அது விலகும்போது ஒரு முகம் தெரியும், மூடும்போது போய்விடும். ஐம்பது வருடத்துக்கு முன் கொழுந்து நிறுக்க வந்தவர்கள் அங்கே சுவரில் கூடையோடு நின்றார்கள். ஒருத்தி இப்போதுதான் யாரோ கூப்பிட்டதைப் போலப் பாதி திரும்பியிருந்தாள். அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாடிய கொழுந்தின் வாசனை வந்தது. அந்தப் பங்களாவில் அப்படி ஒரு வாசனை வர வழியே இல்லை. ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, சட்டத்துக்கு அடியில், அழகான எழுத்தில் என் பெயர்.

மியூசியத்தை நடத்துபவர் அந்தத் துரையின் மகள். தேநீர் கொண்டுவந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வரைந்தவரின் குடும்பத்தில் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், அவர்கள் சொல்கிறபடி எழுதுவோம் என்றார்.

அச்சடிப்பவர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் அதே தோட்டத்து லயத்தில், அவர் இருந்த அதே ஒற்றையறைக் காம்பராவில் இருந்தார். வாசலில் நின்றே சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா செத்து இருவது வருசமாச்சு. இப்பதான் ஐயாவுக்கு பஸ் கெடச்சுதா?"

இருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாதி திரும்பிய அந்தப் பெண்ணின் முன் நின்றவர் நகரவில்லை.

"இது எங்கம்மா. மூக்குத்தி இருக்கு பாருங்க. அத ஆத்துல தொலைக்கிறதுக்கு முந்தி வரைஞ்சிருக்காரு."

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஆறாவது படத்துக்கு வந்தார். "இது யாரு கிறுக்குனது? கூடைக்குக் கால் மொளைச்ச மாதிரி இருக்கு."

"அது நான்," என்றேன். ஐந்தாவது படத்தைத் தந்தபோது அவர் அப்பா, "இனிமே கை வரலைங்க ஐயா," என்று சொல்லிவிட்டார். துரை கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒன்றை நானே வரைந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு துரை கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, அப்பா வீட்டில் ஏதாவது வரைந்தாரா என்று கேட்டேன்.

"எங்க? சிலேட்டுல ஒரு பூ போட்டுக் குடுங்கன்னு கேப்பேன். போயி கிளாக்கர் ஐயாகிட்ட கேளு, அவருதான் நல்லா வரைவாருன்னுவாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

துரையின் மகள் அட்டையும் பேனாவும் கொண்டுவந்தார். தன் அப்பாவின் பெயரை, தாத்தாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லி எழுதவைத்தார் அச்சடிப்பவரின் மகள். ஐந்து அட்டைகள். ஆறாவது படத்தைக் கழற்ற ஆள் வந்தபோது தடுத்தார்.

"அத எடுக்க வேணாம். அங்கயே இருக்கட்டும். ஐயா பேரும் அடியில இருக்கட்டும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "டீ ஆறுது, குடிங்க," என்றார். திரும்பும் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

தைப்பொங்கல் விடுமுறையில் அச்சடிப்பவரின் மகள் லயத்து ஆட்களை வேன் பிடித்து அங்கே கூட்டிப்போனாராம். துரையின் மகள் போன் பண்ணிச் சொன்னார். ஐந்து படங்களுக்கு முன்னால் சத்தமே இல்லையாம். ஆறாவதுக்கு முன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இதை வரைந்தவர் இருக்கிறாரா என்று ஒரு பெண் விசாரித்தாளாம். பதுளையில் இருக்கிறார் என்று துரையின் மகள் சொன்னாராம்.

"அதற்கு என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

மூக்குத்தி போட்ட அம்மாவைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார்கள் என்றார்.