பங்குனிப் பௌர்ணமியில் வந்த தந்தி

மாறன் குவைத்தில் ஏசி மெக்கானிக். அவருடைய பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது. ஈராக் படை நுழைந்ததும் முதலாளி ஓடிவிட்டார். பெட்டிச் சாவியும் அவரோடு போயிற்று. கூட வேலை செய்த கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்பினார்கள், மாறனைத் தவிர. அவர் மனைவி கன்னியம்மாள் பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு அண்ணாமலையைச் சுற்றத் தொடங்கினாள். பதினாலு கிலோமீட்டர். ஒரே வேண்டுதல்: அவர் உயிரோடு வர வேண்டும்.

1991 பிப்ரவரி 24 அன்று குவைத்தை மீட்கத் தரைப்படைகள் கிளம்பின. 28 அன்று, மாசிப் பௌர்ணமியில், போர் நின்றது. சுற்றிவரும் வழியில், அடி அண்ணாமலை டீக்கடை ரேடியோவில் கன்னியம்மாள் அதைக் கேட்டாள்.

"இனி ஒட்டகத்துல ஏறியாச்சும் வந்துருவாரும்மா" என்றார் கடைக்காரர்.

ஆறு மாதத்தில் முதல்முறையாகக் கன்னியம்மாள் சிரித்தாள்.

ஒரு மாதம் கடிதம் இல்லை. பங்குனிப் பௌர்ணமி காலையில், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் அன்புச்செல்வியோடு புறப்பட்டாள். பாதி வழியில், அதே டீக்கடை எதிரே, மாறனின் தங்கை சரசு டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் தந்தி. பிரிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குத் தந்தி வந்து நல்லது நடந்ததில்லை.

"அண்ணி, வண்டியில ஏறுங்க."

"பாதியில ஏறக் கூடாது."

"அன்பு, நீயாச்சும் படிடி. இங்கிலீஷுல இருக்கும்."

"குடு இங்க." கன்னியம்மாள் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். "சுத்தி முடிக்கற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. அதுவரைக்கும் அவரு இருக்கட்டும்."

தார் சுட ஆரம்பித்திருந்தது. சரசு வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தாள்.

ராஜகோபுரம் வந்தது. கற்பூரம் ஏற்ற வேண்டிய இடம். கன்னியம்மாள் நிற்கவில்லை. தந்தியை மகள் கையில் திணித்துவிட்டு, சுற்று தொடங்கும் செங்கம் சாலைப் பக்கம் மறுபடியும் நடந்தாள்.

"அம்மா, சுத்து முடிஞ்சிச்சு!"

"எனக்கு முடியல. நீ படி. என்கிட்ட சொல்லாத."

அன்புச்செல்வி பிரித்தாள். இரண்டு வரி. அவள் முகத்தைப் பார்த்ததுமே சரசு சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். மகள் தாயின் பின்னால் ஓடினாள்.

மறுபடியும் டீக்கடை வந்தது. அங்கே கன்னியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள்.

"எந்தத் தேதி?"

"பிப்ரவரி இருபத்தஞ்சும்மா."

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்போ நான் இங்க நின்னு சிரிச்சப்ப, அவரு போயி மூணு நாளு."

கடைக்காரர் தண்ணீர் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பின்னால் ஏழு கிலோமீட்டர். முன்னாலும் ஏழு.