வெப்பத்துக்கு முப்பது, விரலுக்கு ஐந்து

நூற்றுக்கு எண்பத்தேழு. தங்கைக்காக அவன் தேர்ந்தெடுத்த போன் வாங்கிய மதிப்பெண் அது. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் பதினோரு வருடமாகக் குனிந்த தலை நிமிராதவன். எதை வாங்குவதானாலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு குணத்துக்கும் இத்தனை பங்கு என்று பிரித்து, மார்க்கு கொடுப்பான். கடையில் அவன் பெயரே 'மார்க்கு' ஆகிப்போனது. பல்வலிக்கு டாக்டர் தேடினபோதும் கட்டம் போட்டான், முடிப்பதற்குள் பல் விழுந்துவிட்டது என்று முதலாளி கதை கட்டுவார்.

தங்கை போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவள். சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கும் ஓர் அணி அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. எடுத்தால் விளையாடு, இல்லாவிட்டால் அண்ணன் வேலை பார்க்கும் கடையில் பில் போட உட்கார் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பழைய போனோ திணறியது. தங்கை ஒரு மாடலைக் காட்டினாள். மார்க்கு கட்டத்தை விரித்தான். சூடாகாமல் இருப்பதற்கு முப்பது, பேட்டரிக்கு இருபத்தைந்து, உறுதிக்கு இருபது, விலைக்கும் வேகத்துக்கும் பத்துப் பத்து. விரல் பட்டதும் திரை எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்பதற்கு மிச்சமிருந்த ஐந்து.

அது மட்டும் ஏன் ஐந்து என்று அவள் கேட்டாள். டச் மெதுவாக இருக்கிறதென்று யாரும் தன்னிடம் வந்ததில்லை, உப்பிய பேட்டரிதான் தினமும் வருகிறது என்றான்.

"அண்ணா, உன் டேபிளுக்கு வர்றது செத்த போன். நான் கேக்கிறது விளையாடுற போன்."

"கணக்கு பொய் சொல்லாதும்மா."

அவள் கேட்ட மாடல் நாலாவதாக வந்தது. முதலாவதாக வந்ததை வாங்கிக் கொடுத்தான்.

தேர்வில் எதிராளியை அவள்தான் முதலில் பார்த்தாள், முதலில் அழுத்தினாள். திரை கேட்பதற்குள் சுடப்பட்டாள். ஆட்டத்துக்கு ஆட்டம் அதேதான். கை வேகம் போதாது என்று சொல்லிவிட்டு, பயிற்சியாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போன் மட்டும் கடைசிவரை சூடாகவேயில்லை.

சாயங்காலம் மார்க்கு முப்பதையும் ஐந்தையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தான். அவள் கேட்ட மாடல் முதலிடத்துக்கு வந்தது. அதைக் காட்டப் போனான். அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"கணக்கு அன்னிக்கும் பொய் சொல்லலண்ணா. நீ சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுச்சு."

வருகிற திங்கட்கிழமை அவள் பில் கவுண்டரில் உட்காருகிறாள், அவன் மேசைக்கு நேர் எதிரே.