வெல்லத்தையும் எடை போட்ட அக்கா

போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்துக்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். சிறு வயதிலேயே சர்க்கரை வந்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களாம், சில கேள்விகள் கேட்கலாமா என்றாள். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள் என்று தொடங்கினாள். களி, கூழ், ரசம் சோறு என்றேன். அதுவரைக்கும் சிரமம் இல்லை. பிறகு, வீட்டில் சண்டை நடக்குமா, யாருக்காவது பயந்து இருந்தீர்களா, அடிக்கடி படபடப்பு வருமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருந்தோம்" என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள்.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஆம்பூர் பஸ் ஒன்று வந்தது, ஏறவில்லை. அடுத்ததில் ஏறி உட்கார்ந்து, கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பையிலிருந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். கை நடுங்கினால் அது சர்க்கரையா, பயமா என்று எனக்கு இந்த வயதிலும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

எனக்கு ஏழு வயதில் இந்த நோய் வந்தது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. டேனரிக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. ஃபிரிட்ஜ் இல்லாததால் மருந்து பாட்டிலை ஈர மணல் போட்ட சட்டியில் புதைத்து வைத்திருப்போம். அம்மா கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்து என் தொடையில் போடுவாள். போட்டதும் நான் சாப்பிட்டாக வேண்டும். தாமதமானால் சர்க்கரை இறங்கும், வேர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். அப்போது கொடுக்க வேண்டும் என்று வெல்லத்தை உடைத்துப் போட்ட ஒரு தகர டப்பா அடுப்பு மாடத்தில் இருந்தது. எனக்கு அனுமதிக்கப்பட்ட இனிப்பு அது ஒன்றுதான். அதுவும் நான் சாகக் கிடக்கும்போது மட்டும்.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும் என்னைப் பார்ப்பதே வேலை. ஓடினால், "எதுக்குடா இப்டி ஓடுறே, கையக் காட்டு." சும்மா உட்கார்ந்தால், "இன்னாடா சொரத்தே இல்ல, கையக் காட்டு." பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். என் பொறுப்பை ஏற்க எந்த வாத்தியாருக்கும் மனமில்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது.

அப்பாவுக்குப் பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. சாயங்காலம் சைக்கிளை அவர் சுவரில் சாய்க்கும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். குழம்பில் உப்பு என்று ஆரம்பிக்கும் சண்டை, கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இந்த நோய் யார் குடும்பத்திலிருந்து வந்தது? குரல்கள் ஏற ஏற என் கை நடுங்கும். அதைப் பார்த்ததும் அம்மா டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லத்தை என் வாயில் திணிப்பாள். பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்பா அப்படியே அடங்கி உட்கார்ந்துவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அப்பா கத்தினால் வெல்லம். சைக்கிள் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், அங்கேயே நாக்கு ஊறும்.

அந்த நாளில் சிறுநீரைத்தான் சோதிப்பார்கள். நீல மருந்தில் சில துளிகள் விட்டுச் சூடாக்குவார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை என்றால் கொஞ்சம் ஜாஸ்தி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. எனக்கு மாதம் தவறாமல் செங்கல்தான். இப்படியே போனால் பையனுக்குக் கண் போகும், வார்டில் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். அம்மா சொன்ன சாப்பாட்டுக்கும் அந்த நிறத்துக்கும் அவருக்குப் பொருந்தவே இல்லை. அம்மா பொய் சொல்லவில்லை. களியைச் சொன்னாள், கூழைச் சொன்னாள். வெல்லத்தை மட்டும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது மருந்து. மருந்தை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா?

இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அப்போது ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் வீட்டையும் சேர்த்தார்கள். ஒரு அக்கா வந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை இருந்து எல்லாவற்றையும் எடை போடுவாள், வழக்கமாகச் செய்வதையே செய்தால் போதும் என்றார்கள். அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. ஏதாவது தப்பாக எழுதிவிட்டால் பிள்ளையை வார்டில் வைத்துக்கொள்வார்கள் என்பதே அவள் பேச்சாக இருந்தது.

பொறுப்பைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். ஷூ கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தவர், வாய்க்கு ஓய்வே கொடுக்காதவர்.

"எழுதுனதப் பெரிய டாக்டர் படிக்கப் போறாரு அண்ணி. களி, கூழுன்னு போனா நம்ம மானம் இன்னா ஆவுறது?" என்று எங்கிருந்தோ ஒரு கோழியோடு வந்தார். இப்போது அதே களியைத்தான் ஆஸ்பத்திரியில் சாப்பிடச் சொல்கிறார்கள். அப்பாவுக்கும் ஓர் உத்தரவு போட்டார். "அண்ணா, ஒரே ஒரு நாளு. வாயத் தொறக்காத. பல்லு வலின்னு வச்சிக்கோ."

அப்பாவும் இருக்க வேண்டும் என்று அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து வைத்தாள். நானும் தங்கச்சியும் அந்த நிமிஷமே அவளுக்குத் தராசு அக்கா என்று பெயர் வைத்துவிட்டோம். அரிசியை எடை போட்டாள். வெந்த சோற்றை எடை போட்டாள். தட்டில் வைத்ததை, மிச்சம் விட்டதை, கடைசியில் எலும்பையும் கேட்டாள்.

"எலும்பக்கூடவா தங்கச்சி?" என்றார் சித்தப்பா.

"சாப்புடாததக் கழிக்கணும் அண்ணா."

"அப்ப இரு, நான் இன்னும் உறிஞ்சி முடிக்கல. கம்மி பண்ணித் தர்றேன்."

அப்பா பல் வலிக்காரராகவே உட்கார்ந்திருந்தார். "என்னாங்க, கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று அம்மா கேட்டபோது, வேறு யாரையோ கேட்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதே இல்லை. அந்த மரியாதை எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. உள்ளே போனேன், வெளியே வந்தேன், வாசற்படியில் ஏறி இறங்கினேன். அடுப்பு மாடத்து டப்பாவைப் பார்த்தேன். அன்றைக்கு அது திறக்கப்படும் என்று தோன்றவில்லை.

சாயங்காலம் தராசு அக்கா என் சிறுநீரைச் சோதித்தாள். பச்சை. கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"எப்பவும் செங்கல்னு சொன்னாங்களே? கோழியும் சோறுமா இவ்ளோ சாப்ட்டும் பச்சதான் வந்திருக்கு."

சித்தப்பா தானே பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். தராசு பைக்குள் போனது. இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி என்று தராசு அக்கா தாளைப் பார்த்துப் படித்தாள்.

"ரெண்டு குடும்பத்துலயும் வேற யாருக்காவது சக்கர இருந்துச்சா?"

அப்பாவின் வாய் அன்றைக்கு முதல் தடவையாகத் திறந்தது. "எங்க பக்கம் யாருக்கும் கெடையாது."

"எங்க பக்கமும் கெடையாதுங்க" என்றாள் அம்மா.

"அப்ப உன் பெரிய மாமனுக்குக் கால ஏன் எடுத்தாங்க?"

"அது ஆணி குத்துனது."

"ஆணி குத்துனா முட்டி வரைக்குமா எடுப்பாங்க?"

"யோவ், உங்கப்பன் ராத்திரிக்கி எத்தினி வாட்டி எழுந்து வெளிய போவாருன்னு தெருவுக்கே தெரியும்!"

"அண்ணி, அவரு எனக்கும் அப்பாதான்" என்றார் சித்தப்பா. பிறகு அவசரமாக, "அண்ணா, பல்லு, பல்லு" என்றார்.

பயனில்லை. அப்பா எழுந்து டம்ளரைத் தரையில் அடித்தார். டீ சுவரெல்லாம் தெறித்தது. தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டாள். என் கை தானாக ஆடத் தொடங்கியது. அம்மா கத்துவதை நிறுத்தாமலே, திரும்பிக்கூடப் பார்க்காமல், மாடத்துக்குக் கை நீட்டி டப்பாவைத் திறந்து, வெல்லத்தை என் வாயில் வைத்தாள். எப்போதும்போல அந்த நொடியே வீடு அமைதியானது.

தராசு அக்கா மட்டும் வாயைத் திறந்தாள். "எதுக்குக்கா வெல்லம்? இப்பதானே பாத்தோம். எறங்கவே இல்லியே."

"கை நடுங்குதும்மா. நீயே பாரு."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. என் நெற்றியையும் கழுத்தையும் தொட்டாள். வேர்க்கவில்லை.

"இப்படி அடிக்கடி நடுங்குமா?"

அம்மா டப்பாவை மூடி மாடத்தில் வைத்தாள். நாலு வயதுத் தங்கச்சிதான் காதிலிருந்து கையை எடுத்தாள். "அப்பா கத்துனா நடுங்கும். அண்ணனுக்கு வெல்லம் குடுப்பாங்க. எனக்கு மட்டும் கெடையாது."

தராசு அக்கா பையிலிருந்து தராசை மறுபடியும் எடுத்தாள். அதே மாதிரி ஒரு துண்டைக் கேட்டு வாங்கி எடை போட்டாள். "தெனமுமா?" என்றாள்.

"எப்பனா ஒரு நாளு" என்றாள் அம்மா.

"தெனமும்தான்" என்றார் அப்பா. அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் எழுதினாள். வெல்லம் எவ்வளவு என்று எழுத அந்தத் தாளில் இடம் இருந்தது. எதற்காக என்று எழுத இருந்திருக்காது போல. பென்சில் தாளுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பைக்குள் போனது. தராசுப் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாதான் அவளை பஸ் ஏற்றிவிடப் போனார். வழியில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள், பேசினார்களா என்றே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சைக்கிள் சுவரில் மோதும் சத்தம் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. குழாயில் பச்சை வந்தது, பிறகு நீலமும் வந்தது. வார்டுப் பேச்சு நின்றது. சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கிறீர்கள் என்று டாக்டர் அம்மாவைப் பாராட்டினார். அந்தக் கோழி வந்த நேரம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குத்தான் நஷ்டம். வெல்லம் நின்றுபோனது. நானே கையை ஆட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தேன். "போடா, நடிக்காதே" என்று அம்மா சிரித்தாள். தராசு அக்காமேல் வெகுநாள் எனக்குக் கோபம் இருந்தது.

அப்பாமேலும் இருந்தது. வேலை விட்டதும் நேராக வருகிறவர், இப்போது தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அவரைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். கேட்டும் வரமாட்டார். வெகுநேரம் கழித்து, முகத்துக் கடுப்பெல்லாம் தணிந்து, சத்தமே இல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். நோய்க்காரப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், அப்பா அங்கே நின்று என்ன செய்கிறார் என்று.

"காத்து வாங்குறாரு" என்றாள்.

டேனரி வண்டிகள் கழிவைக் கொட்டிவிட்டுப் போகும் முனை அது. மூக்கைப் பிடிக்காமல் யாரும் அதைத் தாண்டிப் போனதில்லை. அங்கே போய் ஒருவர் காற்று வாங்குவாரா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.